நரைக்குப் பேரம்

"நாலு நரை கூடிப்போச்சு தம்பி. ரெண்டு போடுங்க."

தூரிகையைக் காதில் செருகிக்கொண்டு றஸீன் சிரித்தான். "மகனுக்கு இப்ப முப்பத்தாறு வயசு அக்கா. சரி, நாலு வேணாம். மூணு."

"ரெண்டு. எங்கட குடும்பத்தில ஆருக்கும் கெதியா நரைக்காது."

பெயர்ப்பலகையை வாங்க வந்து, பெயிண்ட் காயும்வரை கதிரையில் காத்திருந்த கடைக்கார நெய்னாருக்குப் பொறுக்கவில்லை. "புளிக்கும் புண்ணாக்குக்கும் பேரம் பேசித்தான் நான் வளர்ந்தேன். நரைக்குப் பேரம் பேசுறத இண்டைக்குத்தான் பாக்கிறேன்."

அல்பொன்சா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மாம்புரிக் கடற்கரையில் கருவாடு காயவைக்கிற அவளுடைய கை, மேசையில் கிடந்த படத்தின் சட்டத்தை விடாமல் பிடித்திருந்தது. படத்தில் அவளுடைய ஒரே மகன் ஜெனிஸ்டன். அவன் அவுஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டுப் போன அடுத்த வருடம், யாரோ வீட்டுக் கல்யாணத்தில் எடுத்த போட்டோவோடு பாலாவிக்கு வந்து றஸீனிடம் வரையச் சொன்னாள். கரையோரத்துப் பள்ளிச் சுவர்களுக்கும் படகுகளுக்கும் கூலி வாங்காமல் வரைகிறவன் அவன். மனம் வைத்து வரைவான் என்று நம்பினாள்.

அதிலிருந்து ஒவ்வொரு வருடமும் தலவில தேவாலயத் திருவிழாவுக்கு முன் படத்தைப் பழைய சேலையில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறிவிடுவாள். றஸீன் உப்புப் படிவைத் துடைத்து, பூஞ்சணம் பார்த்து, பிறகு மகனுக்கு ஒரு வயதைக் கூட்டிக் கொடுப்பான்.

"கன்னத்தில திரும்பவும் விரல் அடையாளம்," என்றான் இப்போது. "கை வைக்க வேணாமெண்டு எத்தனை தரம் சொல்றது அக்கா?"

"தூசு இருந்திச்சு."

"வீட்டுத் தூசெல்லாம் கன்னத்தில மட்டும்தான் வந்து இருக்குமா?"

அவள் பேச்சை மாற்றினாள். "வயித்தைக் கொஞ்சம் பெருசாக்குங்க."

"போன வருசம்தானே தொப்பை வெச்சேன்?"

"காணாது. நல்லாச் சாப்பிடட்டும்."

நெய்னார் தொடையில் தட்டினார். "நரையைக் குறைக்கிறா, தொப்பையைக் கூட்டுறா! ஏன் தங்கச்சி இந்தக் கரைச்சல்? மகனிட்டச் சொன்னா வாட்ஸ்அப்பில ஒரு போட்டோ அனுப்ப மாட்டாரா?"

"அவனுக்கு எங்க நேரம்? வேலை, வேலை."

"போனாவது எடுப்பாரா?"

"எடுக்காம? ஞாயிற்றுக்கிழமை பூசை முடிஞ்சா எடுப்பான்."

றஸீன் குனிந்து, மகனின் கன்னத்தைப் பஞ்சால் ஒற்றிக்கொண்டிருந்தான்.

பலகை காய்ந்தது. நெய்னார் அதை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார். அறையில் பெயிண்ட் வாசமும் பாலாவிச் சந்தியின் லொறி இரைச்சலும் மிஞ்சின. அல்பொன்சா வாசலையே பார்த்தாள்.

"அவர்ட பலகை மூலையில உங்கட பேர் இருக்கு. பள்ளிக்கூடச் சுவரிலயும் இருக்கு. என்ட மகன்ட படத்தில மட்டும் ஏன் இல்ல?"

றஸீன் தூரிகையைத் துடைத்தான். துடைத்ததையே திரும்பவும் துடைத்தான்.

"பேர் வெச்சா வேலை முடிஞ்சதெண்டு ஆகிடும் அக்கா. மகன் வந்து என்ட முன்னுக்கு நிக்கட்டும். பார்த்துச் சரிபண்ணிட்டு வைக்கிறேன்." அவன் குரல் இறங்கியது. "அவர் ஏறிப்போன நீலப் படகுக்கு முகப்பில பேர் எழுதினது நான்தான்."

சட்டத்திலிருந்து அவள் கை நழுவியது. எந்தக் கரையிலும் சேராத அந்தப் படகின் கதை தெரிந்ததால், மாம்புரியில் யாரும் அவளிடம் மகனைப் பற்றி வாய் திறப்பதில்லை. அது தெரியாத ஒரே இடம் இதுதான் என்று நம்பித்தான் இத்தனை வருடமாக இங்கே வந்து மகனுக்கு வயது ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"சரி தம்பி," என்றாள் கடைசியில். "மூணே போடுங்க."