லோவெலின் கேள்விகள்

"மேடம், சதுப்பு மண் எது, சாதா மண் எதுன்னு இன்னொரு தடவை சொல்லிடுங்களேன்!"

மறுபடியும் லோவெல்தான்.

"ஆரம்பிச்சுட்டார்யா" என்று பின்வரிசையில் யாரோ முனகினார்கள். மாரெனுக்கும் எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது.

இது முதுகலை வகுப்பு. லோவெலுக்கோ நாற்பதைத் தாண்டிய வயது. சேறு காயாத ரப்பர் பூட்ஸோடு வந்து அவள் பக்கத்து நாற்காலியில் உட்காருவார். வகுப்புக்கு நாலு கேள்வி. எல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளை கேட்கிற ரகம்.

மாரென் இன்னும் இளங்கலையே முடிக்கவில்லை. கடைசி வருஷத்திலேயே முதுகலைப் பாடங்களையும் சேர்த்துப் படித்தால், ஆறு வருஷத்தில் வாங்கும் இரண்டு பட்டங்களை ஐந்தே வருஷத்தில் வாங்கிவிடலாம். சுற்றுச்சூழல் துறையில் அந்த இடம் மூன்றே பேருக்குத்தான் கிடைத்திருந்தது. 'பி' கிரேடுக்குக் கீழே இறங்கினால் இடம் போச்சு.

பள்ளிப் பேருந்து ஓட்டும் அவள் அம்மா, "எம் பொண்ணு ஒரே மூச்சுல ரெண்டு பட்டம் வாங்கப் போறா" என்று மெய்ன் மாநிலக் கடற்கரை முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள்.

அதனால் மாரென் வகுப்பில் வாயே திறப்பதில்லை. இந்தச் சின்னப் பெண்ணுக்கு இங்கே என்ன வேலை என்று யாராவது கேட்டுவிட்டால்? லோவெலுக்குப் பேராசிரியை சொல்லும் பதில்களை மட்டும், எதற்கும் இருக்கட்டும் என்று, ஒன்றுவிடாமல் எழுதிக்கொள்வாள்.

இடைத்தேர்வில் 'பி ப்ளஸ்' வந்தது. அந்தத் தைரியத்தில் பேராசிரியை ஒலெட்டின் அறைக் கதவைத் தட்டினாள்.

"பாதி நேரம் லோவெல் கேள்விக்கே போயிடுது மேடம். இவரை எப்படித்தான் முதுகலைக்கு எடுத்தாங்களோ! கொஞ்சம் அடக்கி வைங்களேன்."

ஒலெட் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"பரீட்சையில ஒரு சதுப்பு நில வரைபடம் கொடுத்தேனே, அதை வரைஞ்சது யாருன்னு பார்த்தியா?"

"இல்லையே."

"லோவெல். பதினாறு வருஷமா அரசாங்கத்துக்காக இந்தச் சேத்துலதான் நடக்கறார். பட்டம் இல்லாம பதவி உயர்வு கிடையாதுன்னுட்டாங்க, அதான் படிக்க வந்திருக்கார். மண்ணைப் பத்தி எனக்கே சந்தேகம் வந்தா அவருக்குத்தான் போன் போடுவேன்."



"அப்போ... தெரிஞ்சதையே எதுக்கு மேடம் கேக்கறார்?"

"ரெண்டாவது வாரமே நானும் அதைத்தான் கேட்டேன். யார்கிட்டயும் சொல்லிடாதீங்கன்னார். நீ புகாரோட வந்து நிக்கிறே, சொல்லாம எப்படி?" ஒலெட் சிரித்தார்.

"என்ன சொன்னார்?"

"'பக்கத்து நாற்காலிப் பொண்ணுக்குப் புரியலை மேடம், கேக்கவும் பயப்படறா. எனக்கு மானம் போனாப் பரவாயில்லை, அவளுக்காக நான் கேக்கறேன். அவளே என்னைக்குக் கையைத் தூக்கறாளோ, அன்னைக்கு நிறுத்திடறேன்'னார்."