அவுட்டா, சேஃப்பா?

"தம்பி, ஏன் இவ்வளவு சனமும் அந்த அம்பயரை ஏசுது?"

யோகேஸ்வரனுக்குப் பேஸ்பால் புரியவில்லை. 2013 தை மாத ஞாயிற்றுக்கிழமை வெயிலில் பிளாக்டவுன் மைதானம் கொதித்துக்கொண்டிருந்தது. வென்றால்தான் சிட்னி அணி இறுதிப் போட்டிக்குப் போகலாம். அதன் வீரர் ஒருவர் ஓட்டத்தை முடிக்கப் புழுதி பறக்கச் சறுக்கி வந்தார். எதிரணிக்காரர் பந்தோடு அவரைத் தொட்டார். முகமூடி போட்டிருந்த அம்பயர் கையை மடக்கி 'அவுட்' காட்டியதும் அரங்கமே கத்தத் தொடங்கியது.

"தொட்டது உண்மைதான் அண்ணை. ஆனா தொடேக்க பந்து கையை விட்டு விழுந்திட்டுது. அப்ப அது அவுட் இல்லை," என்றான் தனோஜன். "அந்தாளும் பாவம். இது சனி ஞாயிறு வேலைதான். கிழமை நாளில வேற எங்கயோ வேலை செய்யிற ஆளாயிருக்கும்."

இருவரும் டூங்கபியில் ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தார்கள். அகதி விசா மறுக்கப்பட்டதிலிருந்து யோகேஸ்வரன் சரியாகச் சாப்பிடுவதில்லை. அப்பீல் செய்யலாம் என்று வழக்கறிஞர் எவ்வளவோ சொன்னார். குடிவரவு அதிகாரிகள் சொன்னால் சொன்னதுதான், இனி மாறாது என்று இவர் அறைக்குள் படுத்துவிட்டார். கொஞ்சம் வெளிக்காற்று படட்டும் என்றுதான் தனோஜன் அவரை இழுத்து வந்திருந்தான்.

மற்ற அம்பயர்கள் ஓடி வந்து கூடினார்கள். அந்த அம்பயர் முகமூடியைக் கழற்றி வியர்வையைத் துடைத்தார். யோகேஸ்வரன் கதிரையை விட்டு எழுந்தார்.

அதன்பிறகு அவர் கேட்டதெல்லாம் தனோஜனைக் குழப்பியது. ஆட்டத்தைப் பற்றி அவர் ஒன்றுமே கேட்கவில்லை. மற்றவர்கள் சொன்னால் இந்த மனிதர் கேட்பாரா? தான் பிழைவிட்டதை இத்தனை பேர் முன்னால் ஒப்புக்கொள்வாரா?

"அவர் நிண்ட இடத்தில இருந்து பந்து விழுந்தது தெரிஞ்சிருக்காது அண்ணை. மற்றப் பக்கம் நிண்டவர் பாத்திருந்தா மாத்தலாம்."

அம்பயர் திரும்பி வந்தார். இரண்டு கைகளையும் அகல விரித்தார். சேஃப்.

அரங்கம் துள்ளியது. எதிரணிப் பயிற்சியாளர் பாய்ந்து வந்து முகத்துக்கு நேரே கத்தினார். அம்பயர் தலையை ஆட்டி மறுத்தார். மாற்றிய தீர்ப்பை மறுபடி மாற்றவில்லை.

யோகேஸ்வரன் கைதட்டவில்லை. அவருடைய கண்கள் கலங்கியிருந்தன.

"நாளைக்குக் காலமை என்னை லோயரிட்டக் கூட்டிக்கொண்டு போ தம்பி. அப்பீல் போடுவம்."

தனோஜனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "நான் எத்தனை தரம் கெஞ்சினனான். இப்ப ஏன் திடீரெண்டு?"

யோகேஸ்வரன் மைதானத்தில் நின்ற அந்த அம்பயரை நோக்கிக் கையைக் காட்டினார்.

"என்ர கதையை முழுக்கக் கேட்டுப்போட்டு, நம்பேலாது எண்டு விசாவை மறுத்த ஒஃபிசர் அவர்தான்."