மூணாம் ரூமுக்கு ஒரு ஜெபம்

"ஆண்டவரே, மூணாம் நம்பர் ரூம்ல நாலு பேருதான் உக்காந்து வெடிமருந்து அடைக்கணும். ஏழு பேரை உக்கார வச்சிருக்காக. நீர் பார்த்துக்கிட்டுத்தானே இருக்கீர்!"

எங்க மெதடிஸ்ட் கோயில்ல ஞானசுந்தரி அக்கா மைக்கைப் பிடிச்சா இப்படித்தான். மத்தவுக சுகமில்லாதவுகளுக்கு ஜெபிப்பாக, பரீட்சைக்கு ஜெபிப்பாக. அக்கா ஜெபம் மட்டும் பட்டாசுக் கம்பெனிக்குள்ளேயே சுத்திச் சுத்தி வரும்.

"மைக்கை அமத்துங்கய்யா!"

பின்வரிசையில எந்திரிச்சது அருள்பாண்டி. அந்தக் கம்பெனி ஃபோர்மேன்.

"இது கோயிலா, கலெக்டர் ஆபீஸா? முதலாளி வீடு அடுத்த தெரு. வெளிய இருக்க ஸ்பீக்கர்ல அவரு காதுல விழுந்துரும்ல?"

"விழணும்னுதான ஜெபிக்கேன்."

"யாரு காதுல? ஆண்டவர் காதுலயா, முதலாளி காதுலயா?"

"ரெண்டு பேரு காதுலயும்தான்!"

சபையே சிரிச்சிருச்சு. சிரிச்சதுல பாதி அந்தக் கம்பெனிப் பொம்பளைக. பாவம், வெளியே வாயத் திறக்க முடியாது. போன சீசன்ல இதையே கேட்டு எழுதுன மனுவுல கையெழுத்துப் போட்ட ஒன்பது பேருக்கு மறுநாளே கம்பெனி வேன் நிக்கல, வேலை போச்சு.

ஜெபத்துக்கு 'ஆமென்' சொன்னா யாரு என்ன செய்ய முடியும்? அது அக்கா கண்டுபிடிச்ச வழி. அவுகளுக்குத் தையல் மிஷின்தான் பிழைப்பு. எந்த முதலாளிக்கும் பயமில்ல.

அன்னைக்கு ஆமென் கூரையைத் தூக்கிருச்சு. அருள்பாண்டி விருட்டுன்னு வெளியே போயிட்டாரு.

"முதலாளிக்கு நல்ல ஜால்ரா"ன்னா ஒருத்தி.

ஆராதனை முடிஞ்சு போதகர் கேட்டாரு. "அக்கா, நீங்க கம்பெனி வாசலையே மிதிச்சதில்ல. உள்ள நடக்குறது எப்படித் தெரியுது?"

"காணிக்கைப் பையில ஜெபச் சீட்டு வருதுல்ல ஐயா? யாரோ ஒரு பிள்ளை வாராவாரம் எழுதிப் போடுது. பேரு போடாது. அந்த அருள்பாண்டி கண்ணுல மட்டும் பட்டுறக் கூடாது."

ஜெபம் மூணு வாரம் ஓடுச்சு. முதலாளி ரத்தினசாமி வீட்டம்மாவுக்குக் காது நல்லாக் கேக்கும்.

"ஏங்க, மூணாம் ரூம்ல ஏழு பேரா? ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா யாரு பதில் சொல்றது?"ன்னு தோசைக்கரண்டியோட நின்னாகளாம். திங்கக்கிழமை மூணாம் ரூம்ல நாலே பேரு. மிச்சம் மூணு பேருக்குப் புது ரூம்.

அடுத்த ஞாயித்துக்கிழமை பையில வந்த சீட்டை அக்கா கண்ணாடியைப் போட்டுக்கிட்டு வாசிச்சாக.

'மூணாம் ரூம் சரியாயிட்டு, ஸ்தோத்திரம். அடுத்து அஞ்சாம் ரூம். பின்கதவை மறிச்சுப் பெட்டி அடுக்கியிருக்கு. ஸ்பீக்கரை முதலாளி வீட்டுப் பக்கமா இன்னும் நல்லாத் திருப்பி வச்சிருக்கேன். வர்ற வாரமும் நான் எந்திரிச்சுக் கத்துவேன். கண்டுக்கிடாம ஜெபிங்க அக்கா.'