ஈரக் கறுப்பு

ஆம்பூர் பைபாஸ் ஓரக் கடையில் பேனர் மெஷின் ஷூ விளம்பரத்தைக் கரகரவென்று வெளியே தள்ளுகிறது. கண்காட்சிக்குப் போகிற வேன் வாசலில் நிற்கிறது. காலையிலிருந்து சாம்பலாகவே வந்த கறுப்பு. இந்தமுறை மெஷின் ஓட்டுகிற இஃப்ரா கறுப்பு மைக்கு அடியில் நீலமும் சிவப்பும் மஞ்சளும் கொஞ்சம் கலந்திருக்கிறாள். ஷூ கம்பெனி தபரேஸ் கறுப்புத் தோல் துண்டொன்றைப் படத்தோடு ஒட்டிப் பிடிக்கிறான். இரண்டும் ஒரே இருட்டு. "இன்னா கறுப்புங்க இது!" என்று கூவியவன், சாயம் ஒட்டுகிறதா என்று தோலைத் தேய்த்துப் பார்க்கிற பழக்கத்தில், வெள்ளைக் கர்சீப்பால் படத்தை அழுத்தித் தேய்த்துவிடுகிறான். "ஐயோ, இன்னும் காயலங்க!" ஷூவின் மூக்கு இழுபட்டுக் கிடக்கிறது. இஃப்ரா மை அப்பிய கர்சீப்பைப் பிடுங்கி வெயிலில் விரிக்கிறாள். "பாருங்க பாய், இதுலகூட சாம்பல் இல்ல!" சிரித்தபடியே மறுபடி பிரிண்ட் கொடுக்கிறாள். வேன்காரர் ஹார்ன் அடிக்கிறார். அடிக்கட்டும்.