தீப்பெட்டியில இருந்த பேரு

மியூசியம் மேஜை மேல ஒரு மண்டையோடு மூஞ்சியத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்துச்சு. கோடிக்கணக்கான வருஷம் பாறைக்குள்ள கிடந்துட்டு இப்பதான் வெளிய வந்திருக்கு, ஆனா சேத்துக்கத்தான் ஆளில்ல.

"முன்பல்லு ஒரு தினுசு, கோரைப்பல்லு ஒரு தினுசு. நீ எங்க ஆளே இல்ல"ன்னுச்சு பல்லி அலமாரி.

"தாடையப் பாரு, அசல் பல்லி. தள்ளு தள்ளு"ன்னுச்சு நாய் அலமாரி.

சாயங்காலத்துக்குள்ள பேரு கிடைக்கலைன்னா குடோன்தான்.

பக்கத்துத் தீப்பெட்டியில ஒத்தைக் கடவாப்பல்லு ஒண்ணு. நாப்பது வருஷம் முன்னாடியே அதே பாறையில தோண்டி எடுத்து, மூணு கூர்முனை இருக்குன்னு 'முக்கூரன்'னு பேரும் வெச்சுட்டாங்க. அந்தத் திமிரு அதுக்கு.

"தம்பி, உன்ன எங்கயோ பாத்திருக்கேன்"னுச்சு மண்டையோடு.

"யோவ், பேரில்லாதவன்லாம் என்கிட்ட சொந்தம் கொண்டாடாத!"

அப்ப ஆராய்ச்சி பண்ற மேடம் வந்தாங்க. பல்லை எடுத்து, மண்டையோட்டுல காலியா இருந்த குழியில வெச்சாங்க. கச்சிதமா உட்கார்ந்துச்சு; ரெண்டும் ஒரே மிருகத்தோடது.

"ஐயோ, என் பேரு போச்சே!"ன்னு கத்துச்சு பல்லு.

எங்க போச்சு? ஒரே மிருகம்னா முதல்ல வெச்ச பேருதான் செல்லும்கிறது ஆராய்ச்சிக்காரங்க வழக்கம். மண்டையோட்டு மேலயே 'முக்கூரன்'னு சீட்டு ஒட்டி, ரெண்டு அலமாரிக்கும் நடுவுல தனியா இடம் போட்டாங்க மேடம்.

"பாத்தியா, இவ்ளோ பெரிய மண்டைக்கு என் பேரு!"

"சரிங்க தலைவரே"ன்னு சிரிச்ச மண்டையோடு மெதுவா வாய மூடுச்சு.

உள்ள இருந்து சன்னமா ஒரு குரல். "அண்ணே, இந்த இருட்டு எனக்குத் தெரிஞ்ச இருட்டுண்ணே!"