இடது பக்கம் வேண்டாம்

"ஒரு மனுஷனோட மானம் அவன் காரு பெயிண்ட்லதான் இருக்கு" என்று துரைராசு உலகத்துக்கு அறிவித்தார். அறிவித்தபோது அவர் கைலியை மடித்துக் கட்டி, பனியனோடு குந்தி, பம்பரில் காய்ந்துபோன காக்கை எச்சத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"நகம் போடாதீங்கண்ணே, கீறல் விழும்" என்றார் ஜாஃபர் சாதிக். நீடாமங்கலத்தில் அந்த வாட்டர் சர்வீஸ் கடை அவருடையது.

அன்று சாயங்காலம் துரைராசுவின் மகள் குந்தவையைப் பெண் பார்க்கத் திருத்துறைப்பூண்டியிலிருந்து வருகிறார்கள். ஏற்கெனவே இரண்டு இடம் 'வசதி பத்தாது' என்று கைகழுவிவிட்டது. மூன்றாவதும் நழுவிவிடக் கூடாதென்றுதான், இருபது நாளைக்கு முன் பாபநாசத்துத் தரகரிடம் இந்த நீளமான வெள்ளைக் காரை வாங்கியிருந்தார்.

"நாப்பதுக்கு மேல ஓட்டினதே இல்லீங்க. பின் சீட்டப் பாருங்க, புத்தம் புதுசு. இந்த வண்டியில பின்னால இதுவரைக்கும் ஒருத்தரும் உக்காந்ததே கெடையாது" என்று தரகர் சத்தியம் செய்திருந்தார். அத்தனையும் உண்மை.

"கழுவித் துடைச்சு வாக்ஸ் போட்டுத் தந்துடறேண்ணே. ஒரு மணி நேர வேலை" என்றார் ஜாஃபர்.

"கழுவுனா ஆச்சா? அடி சுத்தமில்லாம வாக்ஸ் போடறது, சேத்துக் காலோட பட்டு வேட்டி கட்டற மாதிரி." துரைராசு முந்தின நாள்தான் போனில் பதினோரு வீடியோ பார்த்திருந்தார். ஆகவே இன்று அவர் நிபுணர்.

ஒரு பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு பானெட்டைத் தடவினார். "நறநறங்குது பாரு. அறுவடை மெஷின் தூசி, ரோட்டுல காயற நெல்லோட சுணை, எல்லாம் பெயிண்டுக்குள்ள எறங்கிக் கெடக்கு. சோப்பு மாதிரி அந்த கிளே கட்டி இருக்குல்ல, அதப் போட்டு இழு. அப்புறம் மெஷின்ல பாலிஷ். அதுக்கப்புறம்தான் வாக்ஸ்."

"பழைய பெயிண்ட்டுண்ணே. ரொம்ப நோண்டுனா அடியில இருக்கறது மேல வரும்."

"வரட்டும்! ஒரிஜினல் பெயிண்ட்டு. அதான் எனக்கு வேணும்."

ஜாஃபர் தேய்த்தார். வெயிலில் வெளுத்துப்போயிருந்த மேல்பூச்சு, சுண்ணாம்பு மாதிரி துணியில் ஒட்டிக்கொண்டு வந்தது. சுவரோரமாக இருந்த இடது பக்கத்துக்குப் போனதும் அவர் கை நின்றது. குனிந்து பார்த்தார். செல்போன் விளக்கைச் சாய்த்துப் பிடித்து மறுபடி பார்த்தார்.

"அண்ணே, இடது பக்கத்த மட்டும் விட்டுடலாமா?"

"ஏன், கை வலிக்குதா?"

"இல்லண்ணே, பாலிஷ் ஏற ஏற இங்க... நீங்களே ஒரு தடவ வந்து பாருங்களேன்."

"நான் எதுக்கு வரணும்? அஞ்சு மாவட்டத்து வண்டியப் பாத்த கண்ணு இது. நீ எனக்குப் பெயிண்ட் பாடம் நடத்தாத தம்பி. நாலு பக்கமும் ஒரே மாதிரி மின்னணும். தேய்."

ஜாஃபர் ஒரு பெருமூச்சு விட்டுத் தேய்த்தார். வாக்ஸும் போட்டார், ஒன்றுக்கு மூன்று கோட்டு. துரைராசு பானெட்டில் தெரிந்த தன் மீசையைப் பார்த்தார், முறுக்கினார், திரும்பவும் பார்த்தார். வேறெதையும் பார்க்கவில்லை.

வீட்டு வாசலில், வருகிறவர்கள் கண்ணில் படும்படி வண்டியைக் குறுக்காக நிறுத்தினார்.

"வர்றவங்க பொண்ணப் பாக்க வர்றாங்களா, பெயிண்டப் பாக்க வர்றாங்களா?" என்றாள் மனைவி ஈஸ்வரி.

"உனக்குப் புரியாது. முதல்ல கண்ணு வாசல்லதான் விழும்."

நாலரைக்கு வந்தார்கள். துரைராசு சொன்னபடியே மாப்பிள்ளையின் அப்பா இளையபெருமாளின் கண் வாசலில் விழுந்தது. மேற்கு வெயில் காரின் இடது பக்கத்தில் சாய்வாக அடித்துக்கொண்டிருந்தது.

இளையபெருமாள் நின்றார். செருப்பைக் கழற்றினார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, காரைப் பார்த்துக் கும்பிட்டார். அவர் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"பாத்தியாடி, வாக்ஸுக்கு இருக்கற மரியாதைய?" என்று ஈஸ்வரியின் காதில் கிசுகிசுத்துவிட்டு, துரைராசு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் போனார்.

"இது... உங்க வண்டிங்களா?" என்று கேட்டார் இளையபெருமாள்.

"பின்ன? பத்து வருஷமா நம்மகிட்டதான் இருக்கு, சம்பந்தி. புதுசா எடுத்தது. வேறொருத்தன் கை பட்டதில்ல. டிரைவரே வச்சிக்கலீங்க, எங்க போனாலும் நானேதான் ஓட்டுவேன்."

இளையபெருமாள் அவருடைய இரண்டு கைகளையும் இறுகப் பிடித்துக்கொண்டார்.

"ஸ்டிக்கர உரிச்சிட்டாலும் 'அமரர் ஊர்தி'ன்னு பளிச்சுன்னு தெரியுதுங்க. அன்னிக்கு ஐப்பசி மழையில டிரைவர் மூஞ்சி சரியாத் தெரியல... எங்கப்பாவ சுடுகாட்டுக்கு ஓட்டிட்டு வந்தது நீங்கதானா?"