நெஞ்சுக்குள் ஒரு பை

"எங்கண்ணன் கண்ணு முழிக்கலைன்னா, நாளைக்கு நீயும் முழிக்க மாட்ட."

சொன்னவன் தம்பி. கத்தி பெண் டாக்டரின் கழுத்தில் இருந்தது. அவசர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக் கதவை உதைத்து உடைத்துக்கொண்டு வந்திருந்தான். இத்தனைக்கும் அது தானாகத் திறக்கும் கதவு.

தடுக்கப் போன காவலாளி, மூக்கைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். விரலிடுக்கில் ரத்தம்.

கட்டிலில் அண்ணன். நெஞ்சில் ஒரே குத்து.

வெளியே வந்த ரத்தம் ஒரு கைக்குட்டையை நனைக்கக்கூடக் காணாது. ஆனால் கழுத்து நரம்பு புடைத்து, உதடு நீலம் பாரித்து, நாடி நூலாக இழுத்துக்கொண்டிருந்தது.

டாக்டருக்குப் புரிந்துவிட்டது.

இதயத்தைச் சுற்றி ஒரு பை உண்டு. உள்ளே வழவழப்பான மெல்லிய உறை, இரண்டு மடிப்பாக. மடிப்புகளுக்கு நடுவே, இதயம் உரசாமல் துடிக்கக் கொஞ்சம் நீர். வெளியே தடித்த உறை. இதயத்தை நகரவிடாமல், வீங்கவிடாமல் பொத்திவைப்பது அதன் வேலை. அதைத் தவிர வேறொன்றும் தெரியாது அதற்கு. சட்டென்று விரிந்துகொடுக்காது. பைக்குள் ரத்தம் கசிந்து நிறைந்தால், காப்பாற்ற வேண்டிய இதயத்தையே நெரித்துவிடும்.

வாய்மொழித் தேர்வில் இதையெல்லாம் மடமடவென்று ஒப்பித்து நல்ல பேர் வாங்கியவள்தான். அந்தத் தேர்வாளர் கையில் கத்தி இல்லை.

அறுவை நிபுணர் வந்துகொண்டிருந்தார். அண்ணன் போய்க்கொண்டிருந்தான்.

விரல் நீள ஊசியை எடுத்தாள்.

"நெஞ்சுல குத்தப் போறியா? கொன்னுருவேன்!"

"குத்தலைன்னா அவரே செத்துருவாரு. கத்திய ஆட்டாம பிடிங்க, என் கை ஆடுது."

என்ன தோன்றியதோ, ஆட்டாமல் பிடித்தான்.

மார்பெலும்பின் நுனிக்குக் கீழே, இடது தோளைக் குறிவைத்து ஊசியை இறக்கினாள். துள்ளியது தம்பிதான். அவள் கழுத்துத் தோல் கிழிந்து, காலருக்குள் சூடாக வழிந்தது. அவள் நிறுத்தவில்லை.

சிரிஞ்சுக்குள் கறுத்த ரத்தம் ஏறியது. ஒன்று நிறைந்தது. அடுத்தது பாதி. நாடி விரலுக்குத் தட்டுப்பட்டது.

அண்ணன் கண்ணைத் திறந்தான். கூரையைப் பார்த்தான். டாக்டரின் கழுத்தைப் பார்த்தான். கடைசியாகத் தம்பியை.

"டேய்," என்றான், காற்றே இல்லாத குரலில். "என்னைக் குத்தினது பத்தாதா? டாக்டரம்மாவையாவது விடுடா."